என் நம்பரில் பாக்கியத்தின் இலை

கத்திச் சத்தம்

மாசி மாதத்துக் காலை. பால் வந்துவிட்டதா என்று பார்க்கப் பின்கதவைத் திறந்தபோது கீழ்த் தோட்டத்திலிருந்து சளக், சளக் என்று சத்தம் வந்தது. ஒரே சீராக வந்தது. நடுவில் கொஞ்சம் நின்று, மறுபடியும் சளக்.

கவாத்துக் கத்தி தேயிலைத் தண்டில் இறங்குகிற சத்தம் அது. கோத்தகிரிப் பக்கத்து அரவேணுவில் குடியிருக்கும் யாருக்கும் அதை அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மாசியில் கேட்கக் கூடாத சத்தம். மழை பிடித்து மண் நனைந்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் தேயிலையைக் கவாத்து வெட்டுவார்கள். செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, பழைய கிளையெல்லாம் எடுத்துவிட்டால், மழைக்குப் புதுத் துளிர் கிளம்பும். காய்கிற வெயிலில் அதே வேலையைச் செய்தால் தண்டு வெந்து பட்டை வெடித்துவிடும். பிழைக்கிற செடி பிழைக்கும், போகிறது போகும்.

வேலியோரம் போய் எட்டிப் பார்த்தேன். பாக்கியம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வரிசை ஏற்கெனவே மொட்டையாகக் கிடந்தது. வெட்டிய கிளைகளில் பச்சைக் கொழுந்து அப்படியே இருந்தது. அந்த வாரம் பறிக்க வேண்டிய இலை.

நான் நிற்பது அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் பக்கத்துத் தோட்டத்துக்காரி, என் செருப்புச் சத்தம் தெரியாதா? ஆனாலும் நிமிரவில்லை.

மூன்று நாளில் மானிய ஆபீசிலிருந்து என் தோட்டத்தைப் பார்க்க ஆள் வருகிறார். இவள் இப்போது செடியை வெட்டுகிறாள். எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அடிப்பாவி, என்னை மாட்டிவிட்டுத் தான் கை கழுவப் பார்க்கிறாள்.

பால் பாத்திரத்தை எடுக்காமலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சந்தேகப் புத்தி

போன வாரம் இந்தப் பத்தியில் குன்னூர்த் தேயிலை ஏல அறையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர், நீங்கள் யாரையுமே நம்ப மாட்டீர்களா என்று கேட்டிருந்தார். கேள்வியிலேயே ஏதோ உள்நோக்கம் இருப்பதாக எனக்குப் பட்டது.

என்ன செய்வது, வளர்ந்த இடம் அப்படி. தேயிலைத் தரகர் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து கிளார்க்காக ஓய்வு பெற்றவள் நான். அங்கே மாதிரித் தூள் டப்பாக்கள் அலமாரி நிறைய இருக்கும். டப்பாவில் வருவது ஒரு தூள், மூட்டையில் வருவது வேறு தூள் என்று மாதத்துக்கு ஒரு பஞ்சாயத்தாவது நடக்கும். ருசி பார்க்கிறவர் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு, அனுப்பியவர் பெயரைத்தான் முதலில் கேட்பார். பெயரைக் கேட்ட பிறகு இன்னொரு தரம் உறிஞ்சுவார். அந்த இரண்டாவது உறிஞ்சலைப் பார்த்துப் பார்த்து வந்த புத்திதான் எனக்கு.

என் வீட்டுக்காரர் எதற்கும் பதறாத மனுஷர். தபால் ஆபீசில் இருந்தார். "ஏம்மா ஞானம், பரலோக வாசல்ல நின்னாலும் நீ சாவி யாரு கையில இருக்குதுன்னு விசாரிச்சுட்டுத்தான் உள்ள போவே" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் முந்திக்கொண்டு போய்விட்டார். சாவி யார் கையில் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் விட்டுப் போனதுதான் இந்த ஒரு ஏக்கர் தேயிலையும் ஓட்டு வீடும். கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்த அவருடைய அப்பா வாங்கிப் போட்ட நிலம். பட்டா சுத்தமாக இருக்கிறது. அதை நான் பார்த்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன் என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்கிறாள். அது பொய். கல்யாணமான பிறகுதான் பார்த்தேன்.

ஒரே நம்பர்

இனிச் சொல்லப் போவதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே சிறு விவசாயிகள் பறிக்கிற பச்சை இலையைக் கூட்டு ஃபேக்டரி வாங்கிக்கொள்கிறது. அங்கே இலை போட வேண்டுமென்றால் உறுப்பினர் நம்பர் வேண்டும். நம்பர் வேண்டுமென்றால் பட்டா வேண்டும். பட்டா இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பட்டா இருக்கிற பக்கத்துத் தோட்டக்காரர் நம்பரில் இலையைப் போடுவார்கள். ஃபேக்டரிக்கும் தெரியும், இலை ஷெட்டில் எடை போடுகிறவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. தண்ணீர்க் குழாயைப் பகிர்ந்துகொள்கிற மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

பாக்கியத்தின் அரை ஏக்கர் புறம்போக்கு. அவள் சிறு பிள்ளையாக இருக்கும்போது சிலோனிலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பம். கண்டிப் பக்கத்து எஸ்டேட்டில் வேலை செய்தவர் அவளுடைய அப்பா. இங்கே வந்து கூலிக்கு அலைந்து, காடு மாதிரிக் கிடந்த சரிவைத் திருத்தித் தேயிலை வைத்தார். எங்கள் ஆட்கள் இலை என்று சொல்வதை அவள் கொழுந்து என்பாள். தோட்டம் என்பதை மலை என்பாள். கவாத்து என்று சொல்லும்போது நடுவில் ஒரு அழுத்தம் கொடுத்துக் கவ்வாத்து என்பாள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வருவான், போவான். அவளுக்கென்று இருந்தது அந்த அரை ஏக்கர் செடிதான்.

அவள் அப்பா காலத்தில் என் மாமனார் நம்பரில் இலை போட ஆரம்பித்தார்கள். அப்புறம் என் வீட்டுக்காரர் நம்பர், அப்புறம் என் நம்பர். ஃபேக்டரிப் பணம் என் பாங்கிக் கணக்குக்கு வரும். அவள் இலைக்கு உள்ளதை அவளிடம் கொடுத்துவிடுவேன். அவள் மூட்டையின் வாயைச் சிவப்புத் துணியால் கட்டுவாள், நான் கயிற்றால் கட்டுவேன். ஷெட்டில் எடை போடும்போது இரண்டு பேரும் பக்கத்தில் நிற்போம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எனக்கே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மானியம் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

வந்துருச்சுங்களா?

பச்சை இலை விலை எழுந்திருக்காமல் படுத்தே கிடந்த நேரம். சிறு விவசாயிகளுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் மானியம் கொடுக்கப் போகிறது என்று செய்தி வந்தது. ஃபேக்டரிக்குப் போட்ட இலையின் கணக்குப்படி, நம்பர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பாங்கிக் கணக்குக்கு நேராக வரும் என்றார்கள்.

ஊர் இரண்டு மூன்று மாதம் வேறு எதையும் பேசவில்லை. பஸ் ஸ்டாப்பில், டீக்கடையில், சர்ச் வாசலில், எங்கே பார்த்தாலும் ஒரே விசாரிப்புதான்: "வந்துருச்சுங்களா?" பதிலும் ஒன்றுதான்: "இன்னும் இல்லைங்க."

வந்தவர்களும் இல்லை என்றார்கள், கடன் கேட்டு யாராவது வந்துவிடுவார்கள் என்று. வராதவர்களும் இல்லை என்றுதான் சொல்ல முடியும். ஆக, யாருக்கு வந்தது யாருக்கு வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் புது டிவி இறங்கினால்தான் தெரியும். கோழிக்கறி வாசம் வந்தாலே பாங்கிக்கு ஓடி விசாரித்தவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு தரம் ஓடினேன்.

எனக்கு நிஜமாகவே வரவில்லை. ஆதாரில் ஒரு விதமாகவும் பாங்கியில் இன்னொரு விதமாகவும் என் பெயர் இருந்ததாம். கோத்தகிரிக்கு நடையாய் நடந்து, கைநாட்டு மிஷினில் விரலைத் தேய்த்துத் தேய்த்துச் சரி பண்ணினேன். பாத்திரம் தேய்த்த விரலை மிஷின் ஏற்றுக்கொள்வதில்லை. அதற்கும் என் மேல் சந்தேகம்.

இதற்குள் ஊரில் பாதிப் பேருக்கு வந்துவிட்டது. பாக்கியம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் இலை ஷெட்டில் எடை போடுகிற சிவராஜிடம், அக்கா நம்பருக்கு வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாள். அவர் அதை என்னிடம் சொன்னார். சொன்னது சாதாரணமாகத்தான். எனக்குத்தான் சுருக்கென்றது. என்னிடம் கேட்க வேண்டியதை ஏன் ஷெட்டில் கேட்கிறாள்? நான் அமுக்கிக்கொண்டேன் என்று நினைக்கிறாளா?

ஒரு வழியாகப் பணம் வந்தது. அன்றைக்கே அவள் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லேட்டானதற்குக் காரணத்தையும் சொன்னேன். ஆதார், விரல், மிஷின் எல்லாம். அவள் சரிக்கா என்றாள். வாங்கிப் பார்க்காமலே முந்தானையில் முடிந்துகொண்டாள். இவ்வளவுதானா என்று அவள் கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்காமல் முடிந்துகொண்டதுதான் உறுத்தியது.

அதற்கப்புறம் ஷெட்டில் பக்கத்தில் நின்றோம், பேசவும் செய்தோம். ஆனால் மழை, வெயில், காட்டெருமை வந்து போன சேதி, இதற்கு மேல் பேச்சு போகவில்லை.

யார் போட்ட மனு?

தை கடைசியில் சிவராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிற ஆள் இல்லை அவர். அன்றைக்குத் தாழ்த்தினார்.

"ஏனுங்கம்மா, ஒரு ஏக்கருக்கு வர வேண்டியதுக்கு மேல உங்க நம்பர்ல இலை போயிருக்குதாமா. மானிய ஆபீஸ்ல இருந்து நேர்ல பாக்க வராங்களாமா. யாரோ மனுப் போட்டிருக்காங்கன்னு பேசிக்கறாங்க."

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். எப்படிப் பார்த்தாலும் வழி இல்லை.

கூடுதல் இலை பாக்கியத்தினுடையது என்று உண்மையைச் சொன்னால், எந்த நிலம் என்று கேட்பார்கள். புறம்போக்கு என்று எழுதுவார்கள். அந்தக் காகிதம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போனால், அரை ஏக்கரும் போச்சு. அவள் அப்பா வைத்த ஒவ்வொரு செடியும் போச்சு. எல்லாம் என்னுடையதுதான் என்று சொன்னால், அரசாங்கப் பணத்தைப் பொய்க் கணக்குக் காட்டி வாங்கியவள் ஆவேன். நம்பரை ரத்து செய்தால் என் இலையையும் போட இடமில்லை. இந்த வயதில், சர்ச்சில் முன் பெஞ்சில் உட்காருகிறவள், திருடி என்று பெயர் வாங்க வேண்டுமா?

அதைவிடப் பெரிய கேள்வி, மனுப் போட்டது யார்?

ஒவ்வொருவராக மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன். மேல் வளைவுத் தோட்டக்காரருக்கும் எனக்கும் பாதைத் தகராறு உண்டு. ஆனால் அவருக்கு மனு எழுதுகிற அளவுக்குப் பொறுமை கிடையாது. சிவராஜே போட்டுவிட்டு என்னிடம் வந்து நல்லவர் வேஷம் போடுகிறாரா என்றும் ஒரு ராத்திரி நினைத்தேன். கடைசியில் சுற்றிச் சுற்றிப் பாக்கியத்தில்தான் வந்து நின்றது.

காரணம் இருந்தது. பட்டா இல்லாத விவசாயிகளுக்கும் தனி நம்பர் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அப்போது ஓடியது. இலை தன்னுடையது என்று நிரூபித்தால் நம்பர் கிடைக்கும் என்று யாராவது அவளுக்கு ஓதியிருக்கலாம். தவிர, அவள் அந்த மாதத்தில் நல்ல சேலை கட்டிக்கொண்டு இரண்டு தரம் குன்னூர் பஸ் ஏறியதை நானே பார்த்தேன். எங்கே போனாள் என்று சொல்லவில்லை. ஊருக்குள் எங்கே போனாலும் என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறவள்.

நானும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று இருந்துவிட்டேன்.

ஆபீசர் வருகிற நாள் தெரிந்தது. அவளுக்கும் ஷெட்டில் சொல்லியிருப்பார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் அந்தக் கத்திச் சத்தம்.

இப்போது நான் ஏன் அப்படிப் பதறிக் கதவைச் சாத்தினேன் என்று புரியும். இலையே இல்லாத மொட்டைச் செடியைக் காட்டி, நான் எங்கே ஐயா இலை போட்டேன், எல்லாம் அந்த அம்மா கணக்குத்தான் என்று சொல்லப் போகிறாள். இப்படித்தான் என் புத்தி ஓடியது. மூன்று நாளும் அந்தச் சத்தம் ஓயவில்லை. காலையில் ஜெபம் பண்ண உட்கார்ந்தால் ஒவ்வொரு வெட்டும் காதில் விழுந்தது. ஜெபத்தில் நான் என்ன கேட்டேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. நல்லதாக ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சாயந்திரம் முடிவு பண்ணினேன். உண்மையைச் சொல்லிவிடுவது. அவள் என்னைக் காப்பாற்ற நினைக்காதபோது நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

சிரிக்காதீங்கம்மா

பெரிய ஜீப்பில் நாலு பேர் வந்து இறங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். வந்தது ஒரு பைக்கில் ஒரே ஒரு இளைஞர். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஈரோட்டுப் பக்கம், புதுசாகச் சேர்ந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். குடித்துவிட்டு, கடைத் தூளா சொந்தத் தூளா என்று கேட்டார். ஏதோ பொறி வைக்கிறார் என்று நினைத்துப் பதில் சொல்லாமல் இருந்தேன்.

தோட்டத்துக்குள் நடந்தார். நாலு மூலையிலும் நின்று போனைத் தூக்கிப் பிடித்தார். என்னை ஒரு செடிக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி போட்டோ எடுத்தார். பயத்தில் என் பல் தெரிந்திருக்க வேண்டும். சிரிக்காதீங்கம்மா, போட்டோ ஏறாது என்றார்.

அப்புறம் கேட்டார். "இந்த ஏக்கர்ல இவ்வளவு இலை வராதுங்களேம்மா. வெளிய இருந்து யாராச்சும் உங்க நம்பர்ல போடறாங்களா?"

மூன்று நாளாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. கீழ்த் தோட்டத்தில் அன்றைக்குச் சத்தமே இல்லை.

"இல்லைங்க. எல்லாம் என் தோட்டத்து இலைதானுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. பாக்கியம் மேல் எனக்கு இருந்த கோபம் எனக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தவருக்கு அதில் என்ன பங்கு? அவர் பேனாவால் அவள் பெயரை எழுதுவதை நினைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

அவர் என் செடிகளைப் பார்த்தார். இலை மஞ்சளித்து, உரம் பார்த்து வருஷமான செடிகள். என்னைப் பார்த்தார். நான் முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டேன்.

"சரிங்க. ஏக்கருக்கு இவ்வளவுன்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க. அதுக்கு மேல போன இலைக்கு மானியம் கிடையாதுன்னு எழுதிக்கறேன். கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

நம்பர் ரத்து, விசாரணை, வாங்கினதைத் திருப்பிக் கட்டுவது எதுவும் இல்லையா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, இனிமேல் வருவதில்தான் பிடித்தம் என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, பைக் வரைக்கும் கூடவே போனேன். கேட்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மனுப் போட்டது யார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன்.

அவர் முழித்தார். "மனுவா? யாரும் போடலைங்களே. அளவுக்கு மேல போன நம்பரையெல்லாம் கம்ப்யூட்டரே எடுத்துக் குடுக்குதுங்க. எமரால்டு ஊர்ப் பக்கம் முடிச்சுட்டு இப்பத்தான் இந்தப் பக்கம் வந்திருக்கறேன். இந்த மாசம் பூராவும் எனக்கு இதே வேலைதானுங்க."

வெளி இலை என்று தெரிந்தால் எந்த நிலம் என்று பார்க்க மாட்டார்களா என்று, யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். நிலம் வேறு டிபார்ட்மெண்ட், நாங்கள் அதற்குள் போவதில்லை என்றார்.

பைக்கை உதைக்கும்போதுதான் வேலிக்கு அப்பால் அவர் பார்வை போனது. யாருங்க இந்த வெயிலில் கவாத்து வெட்டியது, பாவம், செடி தாங்காதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். அது யார் தோட்டம் என்று கூடக் கேட்கவில்லை.

நம்பியிருப்பேனா?

அங்கேயே நின்றேன். பைக் சத்தம் வளைவில் மறைகிற வரைக்கும் நின்றேன். அப்புறம் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

பாக்கியம் வெட்டிய செடிகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வேலியோரத்துப் பெரணித் தழையை அறுத்து வந்து ஒவ்வொரு மொட்டைச் செடியின் மேலும் பரப்பிக்கொண்டிருந்தாள். வெயில் நேராகத் தண்டில் படாமல் இருக்கத்தான். அரை ஏக்கருக்கும் பெரணிக்கு எங்கே போவது? பாதிக்கு மேல் வெறும் வெட்டுக்காயமாக நின்றது. தண்டுகளில் அதற்குள்ளேயே கறுப்புத் தட்டியிருந்தது.

நடந்ததைச் சொன்னேன். மனு எதுவும் இல்லை, கம்ப்யூட்டர், அளவு, பிடித்தம், நிலத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, எல்லாம் சொன்னேன். உன் பெயரை நான் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவள் கை நின்றது. ஆனால் திரும்பவில்லை.

"அப்ப நீங்க மனு குடுக்கலையாக்கா?" என்றாள்.

நானா? நான் எதற்குக் கொடுக்க வேண்டும்?

"கிறிஸ்மஸுக்கு வந்தப்ப ஒங்க மகன் போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு ஏன் எம் மலைய சுத்திச் சுத்தி வந்தாரு? அளந்தாரு. நான் பாத்தேன். என்னைய கெளப்பிட்டு இதையும் சேத்துக்கத்தான்னு நெனச்சேன்."

அவன் டவர் தேடினான். எங்கள் வீட்டில் டவர் கிடைக்காது, அவள் சரிவில்தான் கொஞ்சம் கிடைக்கும். அங்கே நின்று மணிக்கணக்காக ஆபீஸ் போன் பேசினான். அதைச் சொன்னேன். நீ ஏன் என்னிடம் சொல்லாமல் இரண்டு தரம் குன்னூர் போனாய் என்று கேட்டேன். பல் பிடுங்க என்றாள். வாயைத் திறந்து காட்டினாள். கடைவாயில் இடம் காலியாக இருந்தது.

சிரிப்பு வர வேண்டிய இடம் அது. இரண்டு பேருக்கும் வரவில்லை.

ஏன் வெட்டினாய் என்று கேட்டேன். ஆபீசர் வந்து பார்க்கும்போது கொழுந்து தளதளவென்று நின்றால் நான் அவள் பக்கம் கையை நீட்டிவிடுவேன், ஒன்றுமே இல்லாத மலையைப் பார்த்தால் இதற்காக யாரும் கேஸ் எழுத மாட்டார்கள், நிலமாவது மிஞ்சும் என்று நினைத்தாளாம். செடி போனாலும் மண் இருந்தால் போதும் என்று வெட்டினாளாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்தக் கத்திச் சத்தம் மறுபடியும் கேட்டது. மூன்று நாளும் அதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். ஒரே ஒரு தரம் இறங்கிப் போகவில்லை.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல பாக்கியம்? சொல்லுவீங்களா மாட்டீங்களான்னு ஒரே ஒரு வார்த்தை?"

அப்போதுதான் திரும்பினாள். கோபமே இல்லை முகத்தில். அலுப்புதான் இருந்தது.

"கேட்டிருந்தா என்னாக்கா சொல்லியிருப்பீங்க? சொல்ல மாட்டேன்னுதான் சொல்லியிருப்பீங்க. அத நான் நம்பியிருப்பேனா?"

அவள் கேட்டிருந்தால், எதற்காக இவள் இதைக் கேட்கிறாள் என்றுதான் நானும் யோசித்திருப்பேன்.

அவள் மறுபடியும் பெரணியை எடுத்தாள். நானும் ஒரு கை எடுத்துப் பரப்பினேன். நான் வைத்ததை அவள் எடுத்துத் திருத்தி வைத்தாள்.

நம்பர் சுத்தம்

மழை அந்த வருஷம் தாமதமாகத்தான் வந்தது. பாதிச் செடி துளிர்த்தது. மீதி துளிர்க்கவில்லை. துளிர்த்ததும் பறிக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை. பாக்கியம் இப்போது பெரிய எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போகிறாள். விடிகாலையில் அவர்கள் வண்டி வந்து ஹாரன் அடிக்கும், ஏறிப் போவாள். வாசலில் நின்றால் கை காட்டுவாள். மழையைப் பற்றிப் பேசுவோம்.

இந்தத் தடவை மானியம் எனக்கு முதல் ஆளாக வந்துவிட்டது. பெயர் சரி, விரல் சரி, இலை அளவும் சரி. பார்க்க யாரும் வரவில்லை.

ஷெட்டில் என் மூட்டையை மட்டும் தராசில் தூக்கி வைத்துவிட்டு, சிவராஜ் எனக்கு நல்ல சேதி சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"இப்ப உங்க நம்பர்ல ஒரு வில்லங்கமும் இல்லைங்கம்மா. ஒரு ஏக்கருக்கு எவ்வளவோ, அவ்வளவேதான் இருக்குது."

ஆமாங்க என்று சொல்லிவிட்டு, காலிச் சாக்கை மடித்துக்கொண்டு வந்தேன்.